மருத்துவர்களின் தொழில் தொடர்புகளை ஆராய கெஃபி எப்படி? ஒரு விமர்சனம்

ஒரு மருத்துவர் யாரிடம் ஆலோசனை கேட்கிறார், நோயாளியை யாரிடம் அனுப்புகிறார், ஒரு புது மருந்து யார் வழியாக யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பதையெல்லாம் வலைப்பின்னலாக வரைந்து ஆராய எந்த மென்பொருளில் தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது கெஃபி. இலவசம். மூல நிரலும் திறந்தே இருக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஒரு வரி நிரல் எழுதத் தெரியாதவர்கூட உட்கார்ந்த அன்றைக்கே ஒரு படம் வரைந்துவிடலாம். படத்தில் ஒவ்வொரு மருத்துவரும் ஒரு புள்ளி, இருவருக்கு இடையிலான தொடர்பு ஒரு கோடு. ஆனால் அந்தப் படத்தைக் காட்டி என்ன சொல்லலாம், என்ன சொல்லக்கூடாது என்பது தனி விஷயம். இந்த விமர்சனத்தில் அதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன், ஏனென்றால் மருத்துவர்கள் விஷயத்தில் ஒரு கோட்டுக்குத் தவறான அர்த்தம் கொடுத்தால் உண்மையான ஒரு மனிதரின் பெயர் கெடும்.

பிரான்சில் கொம்பியேன் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கியது இது. மாத்தியூ பாஸ்தியான், செபாஸ்தியான் ஹேமன், மாத்தியூ ஜகோமி மூவரும் 2009-ல் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள், அதிலிருந்து சமூக அறிவியல், ஊடகம், உயிரியல் என்று எல்லாத் துறைக்காரர்களும் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். திறந்தால் மூன்று பக்கங்கள். ஓவர்வியூவில் படத்தை இழுத்து, நிறம் கொடுத்து, கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டேட்டா லேபரட்டரியில் எக்செல் மாதிரி அட்டவணை இருக்கும். ப்ரிவ்யூ, அச்சுக்குத் தயாராகும் படத்துக்கு. அவ்வளவுதான், இதற்கு மேல் தொடக்கத்தில் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை.

எந்தத் தரவில் பழகுவது என்றால், இந்தத் துறையே எதில் தொடங்கியதோ அதிலேயே பழகுங்கள். 1950-களின் நடுவில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பியோரியா, புளூமிங்டன், குவின்சி, கேல்ஸ்பர்க் என்ற நான்கு நகரங்களில் ஜேம்ஸ் கோல்மன், எலிஹு காட்ஸ், ஹெர்பர்ட் மென்சல் என்ற மூன்று சமூகவியலாளர்கள் மருத்துவர்களைப் பேட்டி கண்டார்கள். பணம் கொடுத்தது ஃபைசர் நிறுவனம். அப்போது புதிதாக வந்திருந்த டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து எப்படிப் பரவியது என்பதுதான் கேள்வி. சிகிச்சை பற்றிச் சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பீர்கள், ஒரு சாதாரண வாரத்தில் யாரோடு நோயாளிகளைப் பற்றி அதிகம் பேசுவீர்கள், வேலைக்கு வெளியே அடிக்கடி சந்திக்கும் நண்பர்கள் யார் என்று மூன்று கேள்விகள் கேட்டு, பெயர்களை வாங்கினார்கள். அவர்களில் 125 பேர் அந்த மருந்தை எப்போது முதலில் எழுதினார்கள் என்பதை மட்டும் அவர்கள் வாய்மொழியை நம்பாமல் மருந்துக்கடைகளில் இருந்த மருந்துச் சீட்டுகளைப் புரட்டிக் கண்டுபிடித்தார்கள். இந்தக் கவனம் எனக்கு ரொம்பப் பிடித்தது. நினைவை மட்டும் நம்பியிருந்தால் எல்லாருமே நான்தான் முதலில் எழுதினேன் என்று சொல்லியிருக்கக்கூடும்.

அந்தத் தரவில் மொத்தம் 246 மருத்துவர்கள்: பியோரியாவில் 117, புளூமிங்டனில் 50, குவின்சியில் 44, கேல்ஸ்பர்க்கில் 35. இன்றைக்கு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சிறிய தரவு என்பதால் சாதாரண மடிக்கணினியில்கூட கெஃபி திணறாது. ஃபோர்ஸ் அட்லஸ் 2 என்ற அமைப்பு முறையை ஓடவிட்டால், தொடர்பு இருப்பவர்களை அது பக்கத்தில் இழுக்கும், இல்லாதவர்களைத் தள்ளிவிடும், நான்கு நகரங்களும் நான்கு தனித்தனித் திட்டாகப் பிரிந்து நிற்கும். நகரத்தின் பெயரை மென்பொருளுக்கு நாம் சொல்லவே வேண்டாம், யார் யாரைக் குறிப்பிட்டார்கள் என்பதை மட்டும் வைத்தே அது பிரித்துவிடும். மாணவர்களுக்கு இதை முதல் தடவை காட்டும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு இடத்தில் நிதானம் தேவை. கோப்பை ஏற்றும்போது வரும் சின்னப் பெட்டியில் டைரக்டட், அன்டைரக்டட் என்று கேட்கும். ஆலோசனைக் கேள்விக்கு டைரக்டட்தான் கொடுக்க வேண்டும். நான் உங்களிடம் ஆலோசனை கேட்கிறேன் என்றால் நீங்களும் என்னிடம் கேட்கிறீர்கள் என்று அர்த்தம் இல்லை. கோடு என்னிடமிருந்து உங்களுக்குப் போகிறது, திரும்பி வரவில்லை. திசையை விட்டுவிட்டால் ஊரே தேடிப் போகும் மூத்த மருத்துவரும், ஊரெல்லாம் சுற்றிக் கேட்கும் புது மருத்துவரும் படத்தில் ஒரே அளவுப் புள்ளியாகத் தெரிவார்கள். திசையோடு ஏற்றி, இன்டிகிரி என்ற எண்ணைக் கொண்டு புள்ளியின் அளவை மாற்றினால், எத்தனை பேர் ஒருவர் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள் என்பது பளிச்சென்று தெரியும். அப்புறம் மூன்று கேள்விகளையும் ஒரே படத்தில் கொட்டாமல் தனித்தனி வொர்க்ஸ்பேஸில் ஏற்றுங்கள். ஆலோசனைக்குப் போகும் ஆள் வேறு, சாப்பாட்டுக்குச் சேர்ந்து போகும் ஆள் வேறு. கோல்மன் குழுவும் அதைத்தான் பார்த்தது: தொழில் பேச்சு ஓடும் தொடர்புகளில் மருந்து முதலில் பரவியது, நட்புத் தொடர்பு அதற்குக் கொஞ்சம் பின்னால் வேலை செய்தது, யாரோடும் அதிகம் சேராத மருத்துவர்களிடம் இந்தச் சங்கிலி ஓட்டமே தெரியவில்லை.

சரி, மருந்தை எழுதத் தொடங்கிய மாதத்தைப் புள்ளியின் நிறமாகக் கொடுத்துப் பாருங்கள். முன்னால் எழுதியவர்கள் அடர் நிறம், பின்னால் எழுதியவர்கள் வெளிர் நிறம். இதைப் பார்த்ததும் பக்கத்துப் புள்ளியிலிருந்து பக்கத்துப் புள்ளிக்கு மருந்து தொற்றிப் போனது என்று சொல்லத் தோன்றும். அந்த ஆய்வு முதலில் சொன்னதும் அதைத்தான். ஆனால் 1987-ல் ரொனால்ட் பர்ட் இதே தரவை எடுத்து, ஒருவரோடு ஒருவர் பேசியதால் வந்த விளைவு இல்லை இது, வலைப்பின்னலில் ஒரே மாதிரி இடத்தில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நடந்ததால் வந்தது என்று வாதிட்டார். 2001-ல் வான் டென் புல்டே, லிலியன் இருவரும் இன்னொரு படி போய், அந்தக் காலத்தில் மருந்து நிறுவனங்கள் எவ்வளவு விளம்பரம் செய்தன என்பதையும் கணக்கில் சேர்த்தால் தொற்றின் விளைவே காணாமல் போகிறது என்று காட்டினார்கள். புள்ளிகள் அவையேதான், கோடுகளும் மாறவில்லை. விளக்கம் மட்டும் மூன்று விதமாக வந்தது. கெஃபி அந்த மூன்றில் எது சரி என்று சொல்லாது. சொல்லும் வேலைக்காகச் செய்ததும் இல்லை. ஆகவே ஆய்வேட்டில் 'படம் 4-ல் காண்பது போல் மருந்து சக மருத்துவர்கள் மூலம் பரவியது' என்று எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது. படம் அதைக் காட்டவில்லை. மருந்து நிறுவனப் பிரதிநிதி அந்தப் படத்தில் ஒரு புள்ளியாகக்கூட இல்லை.

அடுத்து பெரிய தரவு. அமெரிக்காவில் முக்கியமாக 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கான அரசுக் காப்பீடு மெடிகேர். அதன் கட்டணக் கோரிக்கைகளிலிருந்து எந்த இரண்டு மருத்துவர்கள் ஒரே நோயாளிகளைப் பார்த்திருக்கிறார்கள் என்ற பட்டியலைத் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாகக் கேட்டு வாங்கி, 2012-ல் டாக்கிராஃப் என்ற பெயரில் ஃப்ரெட் ட்ராட்டர் வெளிக்கொண்டு வந்தார். பத்து லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான எண்ணிக்கையில் மருத்துவர்களும் மருத்துவ நிறுவனங்களும், அவர்களுக்கு இடையே கிட்டத்தட்ட ஐந்து கோடி கோடுகள். அதற்குப் பிறகு 2009 முதல் 2015 வரையிலான ஆண்டுகளுக்கு மெடிகேர் நிர்வாகமே இதை வெளியிட்டது. ஒவ்வொரு வரியிலும் இரண்டு பத்து இலக்க அடையாள எண்கள், அவர்கள் பகிர்ந்த நோயாளிகளின் எண்ணிக்கை, எத்தனை முறை, அதில் ஒரே நாளில் நடந்தவை எத்தனை என்று இருக்கும். அந்தப் பத்து இலக்க எண்ணை வைத்து அது யார், என்ன சிறப்புத் துறை, எந்த ஊர் என்பதைப் பொதுவில் கிடைக்கும் பதிவேட்டில் எடுத்துக்கொள்ளலாம்.

இந்த ஐந்து கோடிக் கோட்டையும் கெஃபியில் போட முடியுமா என்றால் முடியாது. ஒரு லட்சம் புள்ளி, பத்து லட்சம் கோடு என்பதுதான் அதை உருவாக்கியவர்களே சொல்லும் எல்லை, என் அனுபவத்தில் அதற்கு ரொம்ப முன்னாலேயே படம் வெறும் பஞ்சுப்பொதி மாதிரி ஆகிவிடுகிறது. ஒரு மாநிலம், அல்லது ஒரு நகரமும் அதைச் சுற்றியுள்ள பகுதியும் என்று வெளியிலேயே வெட்டி எடுத்து சிஎஸ்வி கோப்பாக ஏற்ற வேண்டும். சோர்ஸ் (கோடு தொடங்கும் இடம்), டார்கெட் (முடியும் இடம்), வெயிட் (கோட்டின் எடை, இங்கே பகிர்ந்த நோயாளிகளின் எண்ணிக்கை) என்று மூன்று தலைப்பு போதும், மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

ஏற்றியதும் முதலில் கண்ணில் படும் ராட்சதப் புள்ளிகளைப் பார்த்து இவர்கள்தான் ஊரின் செல்வாக்கு மிக்க மருத்துவர்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பதிவேட்டில் தேடினால் அது ரத்தப் பரிசோதனைக் கூடமாக இருக்கும், எக்ஸ்ரேயும் ஸ்கேனும் படித்து அறிக்கை எழுதும் ரேடியாலஜிஸ்டாக இருக்கும், ஆம்புலன்ஸ் நிறுவனமாகக்கூட இருக்கும். ஊரில் எல்லா நோயாளியின் படத்தையும் அவர் படிக்கிறார், ஆகவே ஊரில் எல்லா மருத்துவரோடும் அவருக்குக் கோடு விழுகிறது. அவர்களில் பாதிப் பேரின் குரலைக்கூட அவர் கேட்டிருக்க மாட்டார். இதனால்தான் இந்தத் துறையில் ஆய்வு செய்பவர்கள் ரேடியாலஜி, பேத்தாலஜி, மயக்க மருந்து, அவசரச் சிகிச்சை போன்றவர்களை முதலிலேயே எடுத்துவிடுகிறார்கள். கெஃபியின் ஃபில்டர் பகுதி இங்கேதான் அருமையாக உதவுகிறது. சிறப்புத் துறை என்ற பத்தியை டேட்டா லேபரட்டரியில் சேர்த்துவிட்டால், இழுத்துப் போட்டு ஒரு கிளிக்கில் அவர்களை மறைக்கலாம், மறுபடியும் கொண்டுவரலாம், இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். நடுவில் இருந்த பெரிய புள்ளிகள் போனதும், அவற்றால் ஒட்டிக்கொண்டிருந்த திட்டுகள் விலகி, ஒரு இதயநோய் மருத்துவரைச் சுற்றி நிற்கும் குடும்ப மருத்துவர்கள், இன்னொரு மருத்துவமனையைச் சுற்றி நிற்கும் கூட்டம் என்று உருவம் தெளிவாகும். நிரல் எழுதி இதைச் செய்யலாம்தான், ஆனால் கண்ணெதிரே நடப்பதைப் பார்க்கும்போது வரும் கேள்விகள் வேறு மாதிரி வருகின்றன.

இன்னொரு விஷயம், இந்தக் கோட்டைப் பரிந்துரை என்று கூப்பிடாதீர்கள். ஒருவர் தேதி 3 அன்று இதயநோய் மருத்துவரைப் பார்க்கிறார், 20 அன்று தானாகவே தோல் மருத்துவரிடம் போகிறார், இரண்டும் இந்தத் தரவின் 30 நாள் வரம்புக்குள் வந்ததால் எண்ணிக்கையில் ஒன்று கூடுகிறது. அனுப்பியவர் யாரும் இல்லை. அப்படியென்றால் பகிர்ந்த நோயாளிகளை எண்ணுவது வீணா என்றால், அப்படியும் இல்லை. 2011-ல் பார்னெட், கிறிஸ்டாக்கிஸ் முதலானோர் ஒரு ஆய்வு செய்தார்கள். கட்டணப் பதிவேட்டில் கோடு விழுந்த மருத்துவர்களிடமே போய், இவரோடு உங்களுக்குத் தொழில் தொடர்பு உண்டா என்று கேட்டார்கள். ஒன்றிரண்டு நோயாளி மட்டும் பொதுவாக இருந்தால் பெரும்பாலும் இல்லை என்ற பதில்தான். எட்டு, ஒன்பது என்று போனால் ஏறக்குறைய ஐந்தில் நான்கு ஜோடிகளுக்கு நிஜமான தொடர்பு இருந்தது. ஆகவே கெஃபியில் எட்ஜ் வெயிட் ஃபில்டரின் கீழ் எல்லையை நகர்த்தும்போது அது வெறும் அழகுக்காகச் செய்யும் வேலை இல்லை, எந்த எண்ணில் நிறுத்தினோம், ஏன் நிறுத்தினோம் என்று எழுதியே ஆக வேண்டும்.

பொதுவில் வந்த மெடிகேர் தரவில் 11 நோயாளிகளுக்குக் குறைவாகப் பகிர்ந்த ஜோடிகள், நோயாளியின் தனியுரிமைக்காக, ஏற்கெனவே நீக்கப்பட்டிருக்கும். நல்ல நோக்கம்தான். ஆனால் அதன் விளைவு என்ன என்றால், கிராமத்தில் தனியாகச் சின்ன மருத்துவமனை வைத்திருப்பவருக்குக் கோடுகளே இல்லாமல் போகும், படத்தில் அவர் ஓரத்தில் அனாதையாக நிற்பார், அல்லது வரவே மாட்டார். அவருக்கு யாரோடும் தொடர்பில்லை என்று எழுதினால் அது அநியாயம். குழந்தை மருத்துவர்களும் மகப்பேறு மருத்துவர்களும் இந்தப் படத்தில் மெலிந்து தெரிவதற்கும் காரணம் எளிது, மெடிகேரில் இருப்பவர்கள் பெரும்பாலும் முதியவர்கள்.

இவ்வளவு எச்சரிக்கை சொன்னாலும், ஒழுங்காகச் செய்தால் இந்த வகை ஆய்விலிருந்து வருவது பெரிய விஷயம். 2012-ல் லாண்டன் குழு அமெரிக்காவின் 51 பகுதிகளை எடுத்து, 45 லட்சத்துக்கும் மேற்பட்ட மெடிகேர் பயனாளிகளின் பதிவுகளை வைத்துப் பார்த்தபோது, மருத்துவர்கள் ஒருவரோடு ஒருவர் பின்னிக்கொண்டிருக்கும் விதம் பகுதிக்குப் பகுதி வெகுவாக மாறுகிறது என்று தெரிந்தது. ஒரே மருத்துவமனையைச் சார்ந்தவர்கள் அதிகம் பகிர்கிறார்கள். பார்னெட் குழுவின் இன்னொரு ஆய்வில், வலைப்பின்னலின் நடுவில் குடும்ப மருத்துவர்கள் இருக்கும் மருத்துவமனைகளில் செலவு குறைவாக இருந்தது. நோயாளியை முழுதாகத் தெரிந்த ஒருவர் நடுவில் இருப்பது முக்கியம் என்று அனுபவத்தில் எல்லோரும் சொல்வதை எண்ணாக்கிப் பார்க்க முடிகிறது. இது காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை, சேர்ந்து வருகிறது என்று காட்டியது, அதுவே எனக்குப் போதுமான அளவு முக்கியம்.

இனி குறைகள்.

முதல் குறை, செய்ததைத் திரும்பப் பெறும் அண்டூ வசதி 0.10 பதிப்பு வரிசையிலும் இல்லை. ஒரு பத்தியை நீக்கினால் நீக்கியதுதான், ஓடவிட்ட அமைப்பு கலைந்தால் கலைந்ததுதான். ஒவ்வொரு பெரிய மாற்றத்துக்கு முன்னாலும் கோப்பை வேறு பெயரில் சேமித்து வைப்பதைத் தவிர வழியில்லை. இவ்வளவு பேர் பயன்படுத்தும் மென்பொருளுக்கு இது அழகில்லை.

இரண்டாவது, மருத்துவர் ஆய்வுக்கு நேரடியாக இடிக்கும் குறை. இரண்டு கூட்டங்களுக்கு நடுவில் பாலமாக இருப்பவர் யார் என்று பார்க்க பிட்வீன்னஸ் என்ற கணக்கைத்தான் எல்லோரும் எடுப்பார்கள். கெஃபி அதை நெட்வொர்க் டயாமீட்டர் என்ற பொத்தானுக்குள் வைத்திருக்கிறது, தேடுபவருக்கு அது அங்கே இருப்பதே தெரியாது. அதைவிட முக்கியம், கோட்டின் எடையை அது கண்டுகொள்வதில்லை. 11 நோயாளிகளைப் பகிர்ந்த ஜோடியும் 900 நோயாளிகளைப் பகிர்ந்த ஜோடியும் அந்தக் கணக்கில் ஒன்றுதான். இதற்கு மட்டும் ஐகிராஃப் போன்ற நிரல் தொகுப்புக்குப் போய்க் கணக்குப் போட்டு, விடையை ஒரு பத்தியாகக் கெஃபிக்குக் கொண்டுவாருங்கள். ஐகிராஃப் எடையைத் தூரமாக எடுத்துக்கொள்ளும், ஆகவே எடையைத் தலைகீழாக்கி, ஒன்றை அதால் வகுத்துக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நெருக்கமானவர்கள் எல்லாம் தூரத்துக்குப் போய்விடுவார்கள்.

மூன்றாவது, மாடுலாரிட்டி. கூட்டங்களைப் பிரித்து நிறம் கொடுப்பது இதுதான், லூவான் முறையில் வேலை செய்கிறது, வேகம் பிரமாதம். ஆனால் ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் ஓரத்தில் இருப்பவர்கள் கூட்டம் மாறலாம், ரெசல்யூஷன் எண்ணை மாற்றினால் கூட்டங்களின் எண்ணிக்கையே மாறும். பல தடவை ஓட்டி, யார் எப்போதும் சேர்ந்தே வருகிறார்கள் என்று பார்த்த பிறகே அதைக் குழு என்று சொல்லுங்கள். படத்தில் மேலே, கீழே, இடது, வலது என்பதற்கும் எந்த அர்த்தமும் கிடையாது, அடுத்த தடவை ஓட்டினால் வேறு பக்கம் திரும்பி நிற்கும். புள்ளிவிவரச் சோதனைகள் இதில் கிடையாது, அதற்கு ஆர் நிரல் மொழியில் ஸ்டாட்நெட் என்ற தொகுப்பின் பக்கம் போக வேண்டும்.

நம் ஊர் மருத்துவக் கல்லூரிகளில் சமூக மருத்துவத் துறையில் ஆய்வேடு எழுதும் முதுநிலை மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. கோடிக்கணக்கான கட்டணப் பதிவுகள் கையில் இல்லையே என்று இந்தத் தலைப்பை விட்டுவிடாதீர்கள். கோல்மன் குழு கேட்ட மூன்று கேள்விகளை ஒரு மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களிடம் கேட்டாலே நல்ல தரவு கிடைக்கும், அந்த அளவுக்குக் கெஃபி தாராளம். நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்குங்கள், பெயர்களைப் பேட்டி முடிந்த அன்றே குறியீட்டு எண்ணாக மாற்றுங்கள். பெயரை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. மாவட்டத்தில் ஒரே ஒரு நரம்பியல் மருத்துவர் இருந்து, அவர் புள்ளிக்கு நரம்பியல் என்று நிறம் கொடுத்தால் எல்லோருக்கும் அவர் யாரென்று தெரிந்துவிடும். ப்ரிவ்யூவிலிருந்து எஸ்விஜி கோப்பாக எடுத்தால், திரையில் பெயர் தெரியாவிட்டாலும் ஒவ்வொரு புள்ளியின் ஐடியும் கோப்புக்குள் எழுத்தாகவே இருக்கும், ஆகவே ஐடியில் உண்மைப் பெயரோ பதிவு எண்ணோ வைக்காதீர்கள். வகுப்பில் சொல்லிக்கொடுக்க மட்டும் என்றால் பிரவுசரிலேயே ஓடும் கெஃபி லைட் போதும், ஒன்றும் நிறுவ வேண்டாம். உண்மையான மருத்துவர்களின் தரவுக்குக் கணினியில் நிறுவும் பதிப்பையே வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். அண்டூவும் எடையைக் கணக்கில் எடுக்கும் பிட்வீன்னஸும் வந்தால் மீதி ஒன்றையும் கொடுத்துவிடலாம்.